ஹீரோ சாப்பிட்ட ஸ்டூ

அன்று பிரீமின் அறையில் ஐந்து பேர் இருந்தோம். மேஜைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் ஆஸ்வால்ட் பிரீம். மெரிட்டன் ஸ்டூடியோவில் நாங்கள் அப்போதுதான் எடுத்து முடித்திருந்த படத்தின் தயாரிப்பாளர். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலோரத் தோல் சோபாவில், படத்தின் ஹீரோ கிளேட்டன் ராய்ஸ். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அவன் ஒருவனே உட்கார்ந்திருந்தான். மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். இடது நாற்காலியில் என் ஏஜென்ட் லெஸ்டர் கம்ப், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. வலது நாற்காலியில் லவீனியா பெக் ஆகிய நான். அந்தப் படத்தில் விடுதி நடத்தும் வீட்டுக்காரம்மா. எடிட்டர் இர்மா கோவாச்சுக்கு நாற்காலி போடவில்லை. ஃபிலிமைத் தொடுவதற்கான வெள்ளைக் கையுறைகளைக்கூடக் கழற்றாமல், கதவருகே புத்தக அலமாரியில் சாய்ந்து நின்றாள். டைரக்டர் வரவில்லை. எங்கள் ஹாலிவுட்டில் ஒரு படம் முடிந்த மறுநாளே டைரக்டரை அடுத்த படத்துக்கு அனுப்பிவிடுவார்கள். முடிந்த படம் அழுதால் தூக்கிச் சமாதானம் செய்ய வேறு ஆட்கள்.

படம் அழத்தான் செய்தது. போன வாரம் ரிவர்சைட் ஊரில் ஒரு கொட்டகையில், முன்னறிவிப்பில்லாமல், வந்திருந்த ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தப் படத்துக்கும் வெளியிடுமுன் அப்படிச் செய்வது வழக்கம். பார்த்தவர்கள் வெளியே வரும்போது அட்டையும் பென்சிலும் கொடுத்துக் கருத்து எழுதி வாங்குவார்கள். அந்த அட்டைகள்தான் இப்போது பிரீமின் கையில் இருந்தன.

"'ராய்ஸ் பரவாயில்லை. அந்த வீட்டுக்காரம்மா யார்?'" பிரீம் ஒரு அட்டையைப் படித்து மேஜைமேல் போட்டார். "'வீட்டுக்காரம்மாவைப் பார்த்து அழுதேன்.' 'வீட்டுக்காரம்மாவை வைத்து இன்னொரு படம் எடுக்கவும்.'" இன்னொரு அட்டையை எடுத்தவர் கொஞ்சம் நிறுத்தினார். "'காதலைச் சொல்லும்போது கதாநாயகனுக்கு உடம்பு சரியில்லையா?'"

அலமாரிப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. இர்மா கையுறையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க மிஸ் பெக்," என்றார் பிரீம். "நியூயார்க் ஆபீஸ்ல யாரும் சிரிக்கலை."

"நான் சிரிக்கலை மிஸ்டர் பிரீம். என் வாயோட அமைப்பே அப்படி. இந்தக் கோணவாய்க்குத்தானே ஆறு வருஷமா நீங்க சம்பளம் தர்றீங்க."

"வினி," என்று லெஸ்டர் தொப்பிக்குள் முணுமுணுத்தான்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன்," என்றார் பிரீம். "இந்தப் பையன்மேல கம்பெனி பெரிய நம்பிக்கை வச்சிருக்கு. அவன் காதலைச் சொல்ற காட்சி. அதுல மொத்த நேரமும் கேமரா உங்க மூஞ்சியில இருக்கு. நீங்க காட்சியைத் திருடிட்டீங்க."

எங்கள் தொழிலில் அது கெட்ட வார்த்தை. ஹீரோ பேசும்போது பின்னால் நின்று மூக்கைச் சொறிவது, விசிறியை ஆட்டுவது, தும்முவது என்று பார்வையைத் தன்பக்கம் இழுப்பவர்கள் உண்டு. அதைத்தான் திருட்டு என்போம். நாடகக் கொட்டகைக் காலத்தில் நானே ஒருத்தியை அதற்காக மேடைக்குப் பின்னால் வைத்துக் கிள்ளியிருக்கிறேன். என்னை அந்தப் பெயரால் யாரும் அழைத்ததில்லை.

அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஹீரோ மழையில் நனைந்து விடுதிக்கு வருகிறான். வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணம் ஸ்டூ கொடுத்து எதிரே தனக்கும் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். மாடியில் குடியிருக்கும் பெண்ணை எவ்வளவு நேசிக்கிறான் என்பதை அவன் வீட்டுக்காரம்மாவிடம் சொல்கிறான், அந்தப் பெண்ணிடம் சொல்லத் தைரியமில்லாமல். வீட்டுக்காரம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதில் வசனமே கிடையாது, கடைசியில் ஒரு "சாப்பிடு" தவிர.

சாப்பிடும் காட்சி எடுக்கும்போது எங்களில் பழையவர்கள் யாரும் சாப்பிட மாட்டோம். கரண்டியை எடுப்போம், கிண்ணத்தில் கிண்டுவோம், வாய்வரை கொண்டுபோவோம், அப்போது பார்த்து ஏதோ சொல்ல வந்தவர்போலக் கீழே வைத்துவிடுவோம். காரணம் இதுதான். முதலில் காட்சி முழுவதையும் தூரத்திலிருந்து எடுப்பார்கள். பிறகு கேமராவைக் கிட்டே கொண்டுவந்து ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியாக, திரும்பத் திரும்ப எடுப்பார்கள். முதலில் எந்தச் சொல்லில் எந்தக் கவளம் விழுங்கினீர்களோ, ஒவ்வொரு தடவையும் அதே சொல்லில் அதே கவளம் விழுங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி ஒட்டும்போது கரண்டி தானாகக் குதிக்கும்; காலியான கிண்ணம் மறுபடி நிரம்பும்.

கிளேட்டனுக்கு இது தெரியாது. அவன் நெப்ராஸ்காவில் வறட்சிக் காலத்தில் வளர்ந்தவன். தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியாது. அன்று காலை பட்டினியாக வேறு வந்திருந்தான். படப்பிடிப்புக்குப் பொருள் சேகரிக்கும் ஆள், வெறும் பழுப்புத் தண்ணீர் வைப்பதற்குப் பதில், உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு அசல் ஸ்டூ வைத்துவிட்டான். முதல் தடவையிலேயே கிளேட்டன் கிண்ணத்தை வழித்துவிட்டான். "என்ன இயல்பு! என்ன இயல்பு!" என்று டைரக்டர் கை தட்டினார். சாயங்காலம் ஆனபோது, செட்டுக்குப் பின்னால் ஒரு வாளியை வைத்திருந்தார்கள். அவன் "அவள் இல்லாமல் எனக்கு வாழ்க்கையே இல்லை" என்று சொல்லிவிட்டு வாளிக்கு ஓடுவான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி சொல்லுவான். பாவம், முகம் பட்டாணி சூப் நிறத்துக்கு வந்துவிட்டது.

அறையில் இதை நான் சொல்லவில்லை. இர்மாதான் சொன்னாள்.

"மிஸ்டர் பிரீம், வினி எதையும் திருடலை. மிஸ்டர் ராய்ஸோட ஒரு ஷாட்டுகூட இன்னொண்ணோட ஒட்ட மாட்டேங்குது. ஒண்ணுல வாய் நிறைய உருளைக்கிழங்கு. அடுத்ததுல கிண்ணத்தைத் தொடவே இல்லை. அதுக்கு அடுத்ததுல ஆள் கண்ணை மூடிக்கிட்டு சாமியைக் கும்பிடுறார். ஷாட்டை வெட்டினா வேற யார் மூஞ்சிக்காவது போகணுமில்லையா? வினிகிட்டதான் போக முடிஞ்சுது. இவ கரண்டி எல்லா டேக்லயும் ஒரே இடத்துல இருந்துது."

கிளேட்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். காது சிவந்திருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார் பிரீம்.

அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கோபமாக இருந்தால்கூடப் புரிந்துகொண்டிருப்பேன். மனிதர் அமைதியாகச் சொன்னார்.

"எல்லாம் தெரியும் இர்மா. ஆனா ஹீரோவுக்கு வாந்தி வந்துச்சுன்னு பத்திரிகைக்குச் சொல்ல முடியுமா? ரிவர்சைட்ல நடந்தது ஏற்கெனவே கசிஞ்சிருச்சு. கிழவி ஒருத்தி ராய்ஸை முழுங்கிட்டான்னு ஒரு சினிமாப் பத்தியில வந்தாச்சு. அதைத் திருப்பணும். அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு." மேஜை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "விளம்பரப் பிரிவுல எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க உங்க கையால பிரதி எடுத்துக் கையெழுத்துப் போடணும். உங்க கையெழுத்து நாட்டுக்கே தெரியும்."

அது ஓரளவு உண்மை. எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு நானே என் கையால் பதில் எழுதுவேன். அயோவாவில் எங்கள் சிற்றூர்ப் பள்ளியில் மிஸ் ஆஸ்குட் எழுத்தைத் திருத்தும்போது அளவுகோலால் விரல்மேல்தான் அடிப்பாள். அதனால் என் எழுத்து அச்சுப்போல இருக்கும். பெரிய நட்சத்திரங்களுக்கு மூட்டை மூட்டையாக வரும், எனக்கு ஒரு கைப்பிடி வரும். பெரும்பாலும் விடுதி நடத்துகிறவர்கள், நர்ஸுகள், கல்யாணமாகாத அக்காமார். வந்த தேதிப்படி அடுக்கி வைத்துக்கொண்டு, ஞாயிறு பிற்பகலில் ஒருவர் விடாமல் பதில் எழுதி முடிப்பேன்.

தாளைப் படித்தேன்.

'அன்புள்ள கிளேட்டன், இந்தக் கிழட்டு நடிகையின் குறும்பை மன்னித்துவிடு. உன் இளமையையும் திறமையையும் கண்டு பொறாமைப்பட்டு, உன் அழகான காட்சியில் வேண்டுமென்றே முகத்தைக் கோணி ரசிகர்களைத் திசைதிருப்பினேன். எங்களைப் போன்ற சின்ன நடிகர்களுக்கு அந்த அற்ப ஆசை இருக்கும். பெருந்தன்மையோடு நீ என்னைப் பொறுத்துக்கொண்டாய்…' இப்படி ஒரு பக்கம்.

"இவன் உங்க கன்னத்துல முத்தம் குடுக்கிற மாதிரி ஒரு போட்டோ," என்றார் பிரீம். "அந்தக் காட்சியை மறுபடி எடுப்போம். நீங்க கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்காருவீங்க. கிண்ணத்துல தண்ணி. எல்லாருக்கும் நல்லது."

"எழுதலைன்னா?"

"வெள்ளிக்கிழமை உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கணும். புதுப்பிக்க மாட்டோம். அந்தப் பாகத்தை வேற யாரையாவது வச்சு எடுப்போம். அப்புறம், மிஸ் பெக், நீங்க கஷ்டமான ஆளுன்னு ஒரு பேர் வந்துருச்சுன்னா நான் என்ன பண்ண முடியும்?"

கஷ்டமான ஆள். ஹாலிவுட்டில் அந்தப் பெயர் வந்துவிட்டால், காய்ச்சல் வந்த வீட்டுக்குப் போகாததுபோல் ஒருவரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.

வெளியே நடையில் லெஸ்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "வினி, ஒரே ஒரு தாள். பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதிக் குடுத்துடு. ஜனங்க ஒரு வாரத்துல மறந்துடுவாங்க."

"நான்?"

"நீயும் மறந்துடுவே. நீ இதைவிட மோசமான வசனமெல்லாம் பேசியிருக்கே."

"பேசியிருக்கேன் லெஸ்டர். ஆனா அதுக்கெல்லாம் கீழே வேற ஒருத்தி பேரு இருந்துது."

"உன் இடுப்பு வலியை நினைச்சுப் பாரு. ஒப்பந்தம் இல்லைன்னா போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். உன் வயசுல!"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒப்பந்தம் இருக்கிறவர்களுக்குப் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரச் சம்பளம். ஒப்பந்தம் இல்லாதவர்கள் குளிக்கும்போதுகூடக் குளியலறைக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள், போன் மணி கேட்கவேண்டுமே என்று. அப்படி ஏழு வருஷம் இருந்திருக்கிறேன். கூடார நாடகக் கம்பெனியில் ஊர் ஊராய்ப் போய், பேசாத படக் காலத்தில் இங்கே வந்து, முதலில் கூட்டத்தில் ஒருத்தி, பிறகு அலறுகிற ஒருத்தி, பிறகு அலறியவளுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒருத்தி என்று ஏறினேன். செவிலி, சிறைக் காவலாளி, நீதிபதியின் மனைவி, தபால் நிலையத்து வம்புக்காரி, அனாதை இல்லத்துத் தலைவி. வீட்டுக்காரம்மாக்களுக்குக் கணக்கே இல்லை. என் பெயர் யாருக்கும் வாயில் வராது. காய்கறிக் கடையில் யாராவது என்னை உற்றுப் பார்த்து, "நீங்க எங்க டோப்பீகா ஸ்கூல்ல டீச்சரா இருந்தீங்கதானே?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அவர்களுக்கும் மகிழ்ச்சி, வரிசையும் நகரும்.

இப்போது இடுப்பு எலும்பு தேய்ந்து, மழை வருமுன் எனக்குச் சொல்லிவிடுகிறது. மறுபடி அந்தப் போன் பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு டிராமில் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பிற்பகல் கிளேட்டன் வந்தான். காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் குடியிருக்கும் எக்கோ பார்க் மேடு முழுவதும் நடந்தே ஏறியிருந்தான். அந்தத் தெருவில் கறுப்புக் கண்ணாடி போட்டு நடந்தால்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சமையலறையில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். பக்கத்தில் வைத்த கேக்கை அவன் தொடவில்லை.

"மிஸ் பெக், நேத்து நான் வாயைத் திறந்திருக்கணும்."

"ஏன், நிறையத் திறந்தியே. அதுதானே வினை."

சிரித்துவிட்டான். நல்ல சிரிப்பு, அதை நம்பித்தான் ஒரு கம்பெனியே இருக்கிறது. பிறகு சிரிப்பு போய்விட்டது.

"நீங்க அதை எழுதிக் குடுத்துடுங்க. ப்ளீஸ். எனக்கும் ஆறு மாசத்துக்கு ஒருதரம்தான் ஒப்பந்தம். இந்தப் படம் போச்சுன்னா என்னைத் திருப்பி ஊருக்கு அனுப்பிடுவாங்க. அங்க ஒண்ணும் இல்லை. புழுதிதான் இருக்கு."

"நீ போய் உண்மையைச் சொல்லேன் தம்பி. 'எனக்குப் பசிச்சுது, சாப்பிட்டுட்டேன்'னு. ஜனங்களுக்கு உன்னை இன்னும் பிடிக்கும். இந்த நாட்டுல பாதிப் பேர் பசியோட இருக்காங்க."

"ஹீரோ வாந்தி எடுத்தான்னு நான் சொல்லணுமா?"

"நீ சாப்பிட்டதுக்கு நான் வாந்தி எடுக்கணுமா?"

அவன் எழுந்துவிட்டான். அந்த வயதில் அவமானம் சட்டென்று கோபமாக மாறிவிடும். "உங்களுக்கு என்ன போச்சு? ஒரு கையெழுத்து. உங்க பேரைப் பார்த்து யாரும் டிக்கெட் வாங்குறதில்லையே மிஸ் பெக். உங்க பேரே யாருக்கும் தெரியாது!"

"சரிதான். யாருக்கும் தெரியாதவ மன்னிப்பு உனக்கு எதுக்கு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டான், கழற்றினான். "நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது" என்று வாசலில் நின்று சொன்னான். கூடாதுதான் என்றேன். நான் அவனை வெறுக்கவில்லை. அதனாலேயே அவன் போனபிறகு கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சுலபமாகத் தூக்கி எறிந்திருக்கலாம்.

அந்தக் கஷ்டத்தில்தான் விளம்பரப் பிரிவின் தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். பேனாவில் மை நிரப்பினேன். 'அன்புள்ள கிளேட்டன்' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. 'இந்தக் கிழட்டு நடிகையின்' என்று எழுதினேன். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த சொல் 'குறும்பை'. 'கு' மட்டும் வந்தது. போன் மணி அடித்தது.

கெர்ட்டி மோஸ். நானும் அவளும் ஒரே வேடங்களுக்காக இருபது வருஷமாக ஒருத்தியை ஒருத்தி முந்துகிறவர்கள். நான் ஒல்லி வீட்டுக்காரம்மா, அவள் குண்டு வீட்டுக்காரம்மா. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் பாகத்துக்கு இன்னொருத்தரை அழைத்தால், சம்மதம் சொல்லுமுன் முதலில் நடித்தவருக்குப் போன் செய்து கேட்டுவிட வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத விதி. மீறியவர்களோடு நாங்கள் மதிய உணவு மேஜையில் உட்காருவதில்லை.

"அடியே வினி. மெரிட்டன்ல இருந்து கூப்பிட்டாங்க. உன் பாகமாமே. ஸ்டூ காட்சியாமே."

"ஆமா."

"வசந்த காலத்துல இருந்து எனக்கு வேலை இல்லைன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் கெர்ட்டி. எடுத்துக்கோ."

"இரு, இரு. நீ ஏதோ காகிதம் எழுதிக் குடுத்துட்டா உனக்கே திருப்பித் தருவாங்களாம். அந்த பிரீமோட செக்ரட்டரி வாயை விட்டுட்டா. எழுதுறியா?"

"எழுதிக்கிட்டுதான் இருக்கேன்."

போனில் அவளுடைய மூச்சு கேட்டது. கெர்ட்டியின் மூச்சு நல்ல கனம்.

"என்ன எழுதச் சொல்லியிருக்கான், படி."

படித்தேன். 'எங்களைப் போன்ற சின்ன நடிகர்களுக்கு அந்த அற்ப ஆசை இருக்கும்' என்ற இடத்தில் அவள், "நிறுத்து," என்றாள்.

"எங்களைன்னா யாரு?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எங்களைன்னா யாருடீ? நானா? என்னை எதுக்கு உள்ளே இழுக்கிறே? உன் பொறாமையைப் பத்தி நீ என்ன வேணா எழுதிக்கோ. என்னைச் சேர்த்து எழுத உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"நான் எழுதலை கெர்ட்டி, அவங்க…"

"கை உன்னோடதுதானே? நீ எழுதிக் குடு. அடுத்த மாசம் இன்னொரு ஹீரோ வசனத்தை மறப்பான். வினியே எழுதிக் குடுத்தா, உனக்கென்னடீன்னு என்கிட்ட ஒரு காகிதத்தை நீட்டுவாங்க. நான் ஆப்பிள் பை சாப்பிடுற காட்சியெல்லாம் பண்ணியிருக்கேன், எத்தனை பேர்கிட்ட மன்னிப்புக் கேட்கிறது?" மூச்சு வாங்கினாள். "இங்க பாரு. நீ எழுதலைன்னா எனக்கு வேலை. அதனால நான் சொல்றதை நம்பாதே. நானாயிருந்தா என்னை நம்ப மாட்டேன். ஆனா எழுதாதே."

"வேலைக்காகத்தான் சொல்றியா?"

"பாதி அதுக்குத்தான். மீதிப் பாதியை நீயே கண்டுபிடிச்சுக்கோ, உனக்குத்தான் மூளை ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்களே." போனை வைத்துவிட்டாள்.

நான் மேஜைக்குத் திரும்பி வந்து அந்தக் 'கு'வைப் பார்த்தேன். மிஸ் ஆஸ்குட் பார்த்தால் மெச்சுவாள். சுழி அவ்வளவு சுத்தம். ஆறு வருஷ ஒப்பந்தத்தையும் என் இடுப்பையும் போன் பக்கத்து நாற்காலியையும் நினைத்தேன். எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றும் சின்னதாகவில்லை. ஆனால் இதுவரை என்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த 'எங்களை' என்ற சொல்லுக்குள் இருக்கிற முகங்களை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மதிய உணவு மேஜையில் உட்காருகிற செவிலிகள், சமையல்காரர்கள், நீதிபதிகள், பேங்க் குமாஸ்தாக்கள், ஆறு படத்துக்கு ஒருமுறை தூக்கில் தொங்குகிற டாம், வாய்பேசாத கிழவனாகவே பிழைப்பை ஓட்டும் மேத்யூ. ஒரு ஹீரோவைக்கூட அவர்கள் கவிழ்த்ததில்லை. எத்தனையோ ஹீரோக்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

தாளைக் கிழிக்கவில்லை, அது ஸ்டூடியோவின் சொத்து. நான் எழுதத் தொடங்கிய தாளை மட்டும் அடுப்பில் போட்டேன். அன்றைக்கு வேறொன்றும் எழுதவில்லை. கோபத்தோடு எழுதினால் என் எழுத்து வலப்பக்கம் சாயும். தூங்கி எழுந்து, தலைவாரிக்கொண்டு, காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுதினேன். எழுதியது இதுதான்:

'அன்புள்ள திரு. பிரீம் அவர்களுக்கு,

தங்கள் விளம்பரப் பிரிவு தயாரித்த கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தட்டச்சில் பிழை இல்லை. விஷயத்தில்தான் பிழை.

தாங்கள் குறிப்பிடும் காட்சியில் நான் செய்தது ஒன்றே. எதிரே இருந்தவர் பேசியதைக் கேட்டேன். மிஸ்டர் ராய்ஸ் அன்று உடம்பு முடியாமலும் நன்றாகவே பேசினார். கேட்கத் தக்கதாக இருந்தது. கேட்பதுதான் என் வேலை. அதை நன்றாகச் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இன்று கேட்டால், நாளை எந்தக் காட்சியில் உட்கார்ந்தாலும் எவ்வளவு நன்றாகச் செய்யலாம் என்று முதலில் தங்களைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கும்.

அந்தக் கடிதத்தில் 'எங்களைப் போன்ற சின்ன நடிகர்கள்' என்று வருகிறது. அவர்கள் சார்பில் பேச எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. தங்களுக்கும் தந்திருக்க மாட்டார்கள்.

என் பாகத்துக்கு மிஸ் கெர்ட்ரூட் மோஸை அழைத்திருக்கிறீர்கள். என் சம்மதத்தோடுதான் அவர் வருகிறார். அவர் என்னைவிட நன்றாகக் கேட்பவர் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். அவரைக் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் அவருடைய முதுகும் கேட்கும். பிறகு ரிவர்சைட்டில் 'அந்த முதுகு யாருடையது' என்று யாராவது அட்டையில் எழுதினால், அதற்காக அவரிடம் ஒரு கடிதம் கேட்டு நிற்க வேண்டாம்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று வெள்ளிக்கிழமை தாங்கள் முடிவெடுக்க வேண்டிய சிரமமும் வேண்டாம். நான் புதுப்பித்துக்கொள்வதாக இல்லை. கஷ்டமான ஆள் என்று என்னைப் பற்றி விசாரிப்பவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லவும்.

தங்கள் உண்மையுள்ள,
லவீனியா பெக்.'

ஒருமுறை படித்துப் பார்த்தேன். 'நன்றாகவே பேசினார்' என்ற இடத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். அந்தப் பையன் நிஜமாகவே நன்றாகத்தான் பேசினான்.

இதற்குள் லெஸ்டர் போன் செய்தான். என்ன எழுதினேன் என்று சொன்னதும் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது.

"வினி, அனுப்பாதே. நான் வர்றேன். அரை மணியில வர்றேன். கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துடு, நான் பிரீமைப் பேசிச் சரிக்கட்டுறேன்."

"கடைசிப் பத்தியை எடுத்தா முதல் பத்திக்கு அர்த்தமில்லை லெஸ்டர்."

"நாளைக்கு உனக்கு யாரு வேலை குடுப்பா?"

"தெரியாது. கேட்டுச் சொல்லு. அதுக்குத்தானே நீ இருக்கே."

அவன் கிளம்பிவிட்டான் என்று எனக்குத் தெரியும். நல்லவன்; நல்ல மனசோடு வந்து என் கையிலிருந்து பிடுங்கிவிடுவான். அதனால் அவசரப்பட்டேன். கடிதத்தை மூன்றாய் மடித்து, விளம்பரப் பிரிவின் தாளையும் உள்ளே வைத்து, உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, ஒட்டாத இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். தபால்தலையை நேராக ஒட்டினேன். தொப்பி வைத்துக்கொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினேன். இறக்கம்தான் என் இடுப்புக்கு ஏற்றத்தைவிடக் கொடுமை. பாதி வழியில் லெஸ்டரின் கார் எதிரே ஏறி வந்தது. என்னைப் பார்த்துவிட்டான். ஹாரனை அடித்தான், காரைத் திருப்ப இடமில்லாமல் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "வினி! வினி!" என்று கத்தினான். பக்கத்து வீட்டுப் பெண்மணி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நான் நிற்கவில்லை. தெருமுனையில் இருந்த தபால்பெட்டியின் மூடியைத் தூக்கி, உறையை உள்ளே விட்டு, அது அடியில் போய் விழுகிற சத்தம் கேட்கும்வரை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.